உள்ளே ஓடும் கதை உங்கள் நாள் முழுவதையும் தின்றுவிடுகிறதா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரின் செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்க வேண்டியவர் காதில் பாட்டோடு ஹாங் துவா வரை போய்விடுவது எப்போதாவது நடந்தால் அது அசதி. அடிக்கடி நடக்கிறது, போகிற வழி முழுக்க உள்ளே ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது, கதையில் வருகிறவர்களுக்குப் பெயர், குடும்பம், பழைய பகை எல்லாம் உண்டு, பல வருடமாக அதே கதைதான் தொடர்கிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காக. வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பீர்கள். உதடு அசையும். சில நேரம் கண் கலங்கும், சில நேரம் சிரிப்பு வரும். அம்மா எட்டிப் பார்த்து "யாருகூடப் பேசுற?" என்று கேட்டிருப்பார். "ஃபோன்லம்மா" என்று சொல்லிச் சமாளித்திருப்பீர்கள்.

இதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் மாலடாப்டிவ் டேட்ரீமிங், அதாவது அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும் பகற்கனவு. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈலி சோமர் என்ற உளவியலாளர், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த ஆறு பேரைப் பற்றி 2002-ல் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரைக் கொடுத்தார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டிலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் இது இன்னும் தனி நோயாக இடம்பெறவில்லை. அதனால் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ நீங்கள் பார்க்கப் போகும் டாக்டர் இந்தப் பெயரையே கேள்விப்படாதவராக இருக்கலாம். அதை எப்படிச் சமாளிப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

"எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?" என்பதுதான் இதைப் பற்றி முதன்முதலில் தேடுகிற எல்லாருக்கும் வரும் பயம். கதை ஓட்டுகிறவருக்கு அது தான் ஓட்டும் கதை என்று நன்றாகத் தெரியும். மேலதிகாரி கூப்பிட்டால் நிறுத்திவிட்டு "சொல்லுங்க சார்" என்பார். மனச்சிதைவு நோயில் நடப்பது வேறு. அங்கே கேட்கும் குரல் அவர் உண்டாக்கியது இல்லை, அவருக்கு அது நிஜம். நீங்கள் உண்டாக்காத குரல் கேட்கிறது, கதையில் வருகிறவர் உண்மையிலேயே எங்கோ இருப்பதாக நம்பத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் கீழே உள்ள படிகளை விட்டுவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு விஷயம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மனதோடு மல்லுக்கு நிற்கிறார்கள். "நாளையிலிருந்து நினைக்கவே மாட்டேன்" என்று சத்தியம் செய்கிறார்கள், இரண்டாம் நாள் மாலையில் சத்தியம் உடைகிறது, அந்த வருத்தத்தை மறக்க இன்னும் இரண்டு மணி நேரம் கதைக்குள் போய்விடுகிறார்கள். என் கட்சி இதுதான்: மனதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் காதையும் காலையும் பிடியுங்கள். பாட்டும் நடையும் பலருக்குக் கதை நுழையும் வாசல். அவை கைக்கு எட்டுகிற விஷயங்கள்.

எந்த அளவுக்கு மேல் பிரச்சினை

மனம் அலைவது இயல்பு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 2250 பேரைக் கைப்பேசி வழியாக அவ்வப்போது கேட்டுப் பார்த்தபோது, கிட்டத்தட்ட பாதி நேரம் அவர்கள் செய்கிற வேலையில் மனம் இல்லை என்று தெரிந்தது. ஆகவே பகற்கனவு காண்பதாலேயே யாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்பிஎம் தேர்வை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை டாக்டர் ஆவதாகக் கற்பனை செய்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

நான் மூன்று கேள்வி கேட்பேன். கதையால் தூக்கமோ படிப்போ வேலையோ கெடுகிறதா? நிறுத்த நினைத்தும் முடியாமல் போகிறதா? நண்பர்கள் "வா, மாமாக் கடையில் தே குடிக்கலாம்" என்று கூப்பிடும்போது, வீட்டில் இருந்து கதை ஓட்டலாமே என்று தட்டிக் கழிக்கிறீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஏதாவது செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. மூன்றுக்கும் இல்லை என்றால் உங்களுக்கு நல்ல கற்பனை வளம் இருக்கிறது, அனுபவியுங்கள்.

எம்டிஎஸ்-16 என்று 16 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண், சராசரி 50-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதை நிரப்பிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்து நீங்களே உங்களுக்குச் சான்றிதழ் எழுதிக்கொள்ள வேண்டாம்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

இந்த வாரம் நிறுத்த முயல வேண்டாம். கதை ஓடட்டும். ஓடி முடிந்து சுயநினைவு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்: மணி என்ன, எங்கே இருந்தீர்கள், ஏறக்குறைய எவ்வளவு நேரம், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. கதையில் என்ன நடந்தது என்பதை எழுதாதீர்கள், எழுத உட்கார்ந்தால் அடுத்த அத்தியாயம் தொடங்கிவிடும். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டுப் புத்தகம் போதும். கைப்பேசியில் எழுதப் போனால் அப்படியே பாட்டுப் பக்கம் விரல் போகும், அதனால் எனக்குக் காகிதம்தான் பிடிக்கும்.

நான்கு விவரங்களில் "முன்னால் என்ன நடந்தது" என்பதுதான் முக்கியம். வாரக் கடைசியில் அதை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒருவருக்கு வேலையிடத்தில் திட்டு வாங்கிய பிறகு ஓடும். இன்னொருவருக்கு அசைன்மெண்ட்டைத் திறந்து வைத்த ஐந்தாவது நிமிடம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு, கை பழகிய வேலையைச் செய்துகொண்டிருக்கும் நடு இரவில். வேறொருவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்து, பசியாறும் நேரமும் தாண்டிவிடும். பலருக்கு எல்லா வரியிலும் ஒரே விஷயம் இருக்கும்: பாட்டு.

இப்படிக் குறித்து வைப்பது சும்மா டைரி எழுதும் வேலை இல்லை. 2023-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பல நாடுகளைச் சேர்ந்த 300க்கும் மேற்பட்டவர்களுக்கு இணையம் வழியாகப் பயிற்சி கொடுத்தார்கள். நிகழ்காலத்தில் கவனத்தை நிறுத்தும் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியும், தன்னைத் தானே குறித்துவைப்பதும் அதன் பகுதிகள். பயிற்சி கிடைக்காமல் காத்திருந்தவர்களைவிட, பயிற்சி எடுத்தவர்களுக்குக் கதைக்குள் போவது குறைந்தது.

இரண்டாவது படி: காது

கைப்பேசியில் எந்தப் பாட்டு வந்தால் கதை தொடங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். எல்லாப் பாட்டும் இல்லை. ஒரு இருபது முப்பது இருக்கும். கதாநாயகன் திரும்பி வரும் பாட்டு, சாவு விழும் பாட்டு, கல்யாணப் பாட்டு என்று உங்கள் கதைக்கு ஏற்ப வகை பிரிந்திருக்கும். அவற்றைத் தனிப் பட்டியலாக்கி, பயணத்துக்கு எடுத்துப் போகும் கைப்பேசியிலிருந்து எடுத்துவிடுங்கள். முழுக்க அழிக்க வேண்டாம். அழித்தால் அன்றிரவே மீண்டும் தேடி இறக்குவீர்கள். வீட்டில் உள்ள கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

பயணத்துக்குப் பேச்சு கேளுங்கள். மின்னல் எஃப்எம் செய்தி, யாராவது இருவர் அரட்டை அடிக்கும் நிகழ்ச்சி, மலாய் மொழியில் வரும் விளக்க உரை, எதுவானாலும் சரி. பேச்சைப் பின்தொடர மனம் கொஞ்சம் உழைக்க வேண்டும், அந்த இடைவெளியில் கதை நுழைவது கடினம். பாட்டு இல்லாமல் முடியவே முடியாது என்றால் உங்களுக்குப் பிடிக்காத வகைப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், சிலருக்கு இது வேலை செய்கிறது.

அப்புறம், இயர்போன் இல்லாமல் ஒரு பயணம். ஆரம்பத்தில் போகும்போது இயர்போன், வரும்போது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ரயிலில் "ஸ்தேசென் பெரிகுத்ஞா" (அடுத்த நிலையம்) என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் மூன்று காரியம் செய்யுங்கள்: பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற ஒரு பொருளின் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள், மூச்சை ஒரு முறை நிதானமாக விடுங்கள். அவ்வளவுதான். இடையில் கதை ஓடியிருந்தால் ஓடட்டும், அடுத்த அறிவிப்பில் திரும்பி வரலாம். செந்தூலிலிருந்து மஸ்ஜிட் ஜாமெக் வரைக்கும் தித்திவாங்சா, பிடபிள்யூடிசி, சுல்தான் இஸ்மாயில், பண்டாராயா என்று நிறைய அறிவிப்பு வருகிறது. மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியைக் காசு இல்லாமல் அரசாங்கமே நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கு ரேப்பிட் பேருந்தில் போகிறவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும். பயணம் இழுக்கும். ஏதோ பறிபோனதுபோல் தோன்றும். தோன்றத்தான் செய்யும், உங்களுக்குத் துணையாக இருந்ததைத்தானே எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

மூன்றாவது படி: கால்

கதை ஓட்டும் பலருக்கு உடம்பும் சேர்ந்து அசையும். அறைக்குள் நடப்பது, உட்கார்ந்த இடத்தில் ஆடுவது, கையில் எதையாவது சுற்றுவது. அடுக்குமாடி வீட்டில் தம்பி தங்கையோடு ஒரே அறையில் இருப்பவர்கள் எல்லாரும் தூங்கியபின் ஹாலில் நடப்பார்கள், அல்லது மாடி நடைபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. இரவு ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும்.

இங்கே முதலில் தொட வேண்டியது இரவு. தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் சிதறும், கவனம் சிதறினால் கதை இன்னும் சுலபமாக நுழையும். படுக்கும் அறையில் இயர்போன் இருக்கக் கூடாது. சார்ஜரை ஹாலில் வையுங்கள். நடந்தே ஆக வேண்டும் என்று கால் துடித்தால் நடங்கள், ஆனால் பாட்டு இல்லாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு. இருட்டும் பாட்டும் இல்லாத நடை சீக்கிரம் சலித்துவிடும்.

பகலில் அந்தக் காலுக்கு வேறு வேலை கொடுங்கள். தித்திவாங்சா ஏரியைச் சுற்றி நடக்கலாம், பினாங்கில் யூத் பார்க் அல்லது தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்கா. தனியாகப் போனால் அங்கேயும் கதைதான் ஓடும் என்பீர்கள். ஓடும். அதனால் பேசிக்கொண்டே நடக்க ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள், அல்லது பந்தைப் பார்த்தே ஆக வேண்டிய விளையாட்டுக்குப் போங்கள். பேட்மிண்டன் ஆடும்போது கதை ஓட்டினால் இறகுப் பந்து மூக்கில் விழும். உங்கள் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) சமூக மண்டபத்தில் கோர்ட் இருந்தால் நால்வர் சேர்ந்து வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

வண்டி ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிளில் இயர்போன் கூடவே கூடாது. காரில் கதைப் பாட்டு கூடாது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் ஏறியது தெரிந்தது, இறங்கியது தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் அதைச் சுவாரசியமான அனுபவமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தொழிற்சாலையில் மெஷின் பக்கம் நிற்பவர்களுக்கும் இதேதான். இந்த இரண்டு இடத்திலும் சலுகை கிடையாது.

கதையை என்ன செய்வது

"பாத்திரங்களுக்கு விடை கொடுத்து அனுப்பிவிடு" என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்து வருடம் பழகியவர்களை ஒரு நாளில் கொல்லச் சொன்னால் மனம் முரண்டு பிடிக்கும். அந்தக் கடைசிக் காட்சியே மிகப் பிரமாதமான கதையாகி மூன்று நாள் ஓடும்.

அதற்குப் பதில் கதை உங்களுக்கு என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். ஒருவருடைய கதையில் எப்போதும் கைத்தட்டல் இருக்கும். ஒருவருடையதில் அவரைப் பாதுகாக்கும் அண்ணன் இருப்பார். ஒருவருடையதில் பள்ளியில் கேலி செய்தவன் மன்னிப்புக் கேட்பான். நிஜத்தில் கிடைக்காத ஒன்றுதான் அங்கே திரும்பத் திரும்ப வரும். அதில் ஒரு சிட்டிகை வெளியே கிடைக்க வழி இருக்கிறதா என்று யோசியுங்கள். கைத்தட்டல் வேண்டியவர் கோயில் திருவிழா நாடகத்திலோ பட்டிமன்றத்திலோ பெயர் கொடுக்கலாம். அண்ணன் வேண்டியவர் நிஜமான ஒருவரிடம், மாமாவோ சித்தியோ பழைய ஆசிரியரோ, வாரம் ஒரு முறை பேசலாம். கதையில் வருகிற அளவுக்கு ருசி இருக்காதுதான். வெளியுலகம் மெதுவாக நகரும்.

கதையை எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். சிலருக்கு எழுதுவது உதவும். எழுத்து, இலக்கணம், வாக்கியம் என்று வேகம் குறையும். சிலருக்கு அதுவே தீனி. இரண்டு வாரம் எழுதிப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் மணிக்கணக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். தினமும் மாலையில் அரை மணி நேரம் கதைக்கென்று ஒதுக்குவதும் அப்படித்தான்: அலாரம் அடித்ததும் எழ முடிகிறவர்களுக்குச் சரி, முடியாதவர்களுக்கு வேண்டாம்.

வீட்டில் எப்படிச் சொல்வது

எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் போதும். பெயரைச் சொல்லி ஆரம்பித்தால் "அது என்ன புது வியாதி, எல்லாம் ஃபோனால வர்றது" என்று பேச்சு திசை மாறிவிடும். நடப்பதைச் சொல்லி, ஒரு சின்ன உதவி கேளுங்கள். இப்படிச் சொல்லலாம்:

"மா, பாட்டு கேட்டுக்கிட்டு நடக்கும்போது எனக்கு மனசுக்குள்ள படம் மாதிரி கதை ஓடும். நெசம் இல்லன்னு எனக்கே தெரியும். ஆனா நேரம் போறதே தெரியல, படிக்க முடியல. ராத்திரி பத்து மணிக்கு மேல என் இயர்போனை நீங்க வச்சுக்கிறீங்களா?"

தனியாகப் பேசிக்கொண்டு நடப்பதைப் பார்த்த பாட்டி, காத்து கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொல்லலாம். திருநீறு போட்டுக்கொள்வதில் ஒன்றும் கெட்டுவிடாது, பெரியவர்கள் மனம் ஆறும். பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் காசு பல மாத ஆலோசனைக்கு ஆகும்.

பெற்றோராக இதைப் படிப்பவர்களுக்கு: பிள்ளை அறைக்குள் நடக்கும்போது திடீரென்று கதவைத் திறந்து கேலி செய்யாதீர்கள். ஏற்கெனவே வெட்கத்தில் ஒளிந்துதான் செய்கிறது. கேலி செய்தால் இன்னும் ஆழமாக ஒளியும்.

டாக்டரிடம் போகும்போது

மேலே சொன்னவற்றை ஒன்றிரண்டு மாதம் செய்தும் மாற்றம் இல்லை, அல்லது மனம் எப்போதும் சோர்ந்தே இருக்கிறது என்றால் உதவி தேடுங்கள். மலேசியக் குடிமக்களுக்குச் செலவு குறைந்த வழி அரசாங்கக் கிளினிக், அதாவது கிளினிக் கெசிஹாத்தான். ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கே டாக்டரைப் பார்த்து, தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி. காத்திருப்பு நீளம், கையில் நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்களும் உண்டு, போவதற்கு முன் ஃபோன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் வளாகத்தின் ஆலோசனைப் பிரிவையே முதலில் பார்க்கலாம்.

தனியார் ஆலோசகரிடம் போவதானால், 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்கீழ் மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிந்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். தமிழில் பேசுபவர் வேண்டும் என்றால் அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். உள்ளே ஓடும் கதை தமிழில் ஓடும்போது அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ விளக்குவது பெரும்பாடு.

உள்ளே போனதும் "எனக்கு மாலடாப்டிவ் டேட்ரீமிங்" என்று ஆரம்பிக்க வேண்டாம். "ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் கற்பனையில் போகிறது, நிறுத்த முடியவில்லை, அதனால் இன்னின்ன நடந்தது" என்று நோட்டைக் காட்டுங்கள். கதை என்று தெரிந்தேதான் செய்கிறேன் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்துகொண்டு மனச்சிதைவுக்கு மருந்து எழுதிவிடாமல் இருக்க அது உதவும். பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.

கூடவே வேறு என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சோமரும் சக ஆய்வாளர்களும் 2017-ல் இந்தப் பழக்கம் உள்ள 39 பேரை நேர்காணல் செய்தபோது, நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்களுக்குக் கவனக்குறைவுக் கோளாறான ஏடிஎச்டியும் இருந்தது. பதற்றம், மனச்சோர்வு, ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி ஆகியவையும் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் காணப்பட்டன. இவற்றுக்கு வழக்கமான சிகிச்சை உண்டு. பலருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் முதல் வெளிச்சம் வரும். இந்தப் பழக்கத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ஃப்ளூவாக்சமின் என்ற மருந்து ஒருவருக்கு உதவியதாக 2009-ல் வந்த கட்டுரையைக் காட்டி அதையே கேட்பவர்கள் உண்டு. அது ஒரே ஒரு நோயாளியின் கதை. மருந்தை டாக்டரே முடிவு செய்யட்டும்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். கோலாலம்பூர் பெஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929 எந்த நேரமும் எடுக்கும். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.

திரும்பி வந்தால்

வரும். பரீட்சை, வேலை மாற்றம், காதல் முறிவு, வீட்டில் சாவு, நீண்ட விடுமுறை, இவற்றில் எதுவும் கதவைத் திறந்துவிடும். குறைந்துகொண்டே வந்தது ஒரு வாரம் திடீரென்று எகிறினால், முதலில் தூக்கத்தைப் பாருங்கள், அடுத்து இயர்போன் மறுபடி படுக்கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள், அதற்கடுத்து நோட்டில் "முன்னால் என்ன நடந்தது" என்பதைப் படியுங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் காரணம் கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால் முதல் வாரத்தில் செய்ததுபோல், எதையும் மாற்றாமல், மறுபடி ஏழு நாள் எழுதுங்கள்.